ஏரி புகுந்த அயல்மீன்கள்

நுழையும்முன்

உங்கள் ஊர் ஏரியில் என்னென்ன மீன்கள் இருந்தன என்று எழுபது வயது கடந்த ஒருவரிடம் கேளுங்கள். விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பத்துப் பெயர்களையாவது சொல்லுவார். அதே வினாவை அவருடைய பேரனிடம் கேட்டால் மூன்று பெயர்களோடு நின்றுவிடுவான். அம்மூன்றில் இரண்டு, தாத்தாவின் பட்டியலில் இல்லாதவையாக இருக்கும். இரு தலைமுறைகளுக்கு இடையில் ஏரிக்குள் நிகழ்ந்த இம்மாற்றத்தை ஆராய்கிறது இப்பாடம்.

மலையும் ஏரியும் மீனும்

திருப்பத்தூர் மாவட்டத்தில் சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள பேரூர் ஆலங்காயம். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கிவரும் ஓடைகளை இவ்வட்டார மக்கள் கானாறு என்று வழங்குவர். கானாற்று நீர் முதலில் மேட்டிலுள்ள ஏரியை நிரப்பும். அது நிரம்பிக் கோடி போனால் அடுத்த ஏரிக்கு நீர் வரும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. இவ்வாறு ஏரிக்கு ஏரி தொடுத்துச் செல்லும் நீர், ஒருபுறம் பாலாற்றையும் மறுபுறம் தென்பெண்ணையையும் நோக்கி ஓடுகிறது. ஒரு துளியும் வீணாகாதவாறு முன்னோர் வகுத்த இவ்வமைப்பை நீர்மேலாண்மைப் பாடங்களில் முன்பே படித்திருப்பீர்கள். அப்பாடங்கள் சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றுண்டு. நீர் செல்லும் வழியெல்லாம் மீனும் செல்லும். மேல் ஏரியில் எவரோ விட்ட மீன் கீழ் ஏரியை அடைவதற்கு, கோடி விடுமளவு மழை பெய்யும் ஓர் ஆண்டு போதும். பின்னர் வரும் செய்திகளைப் படிக்கும்போது இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விரால், குறவை, கெளுத்தி, தேளி, ஆரால், அயிரை, உளுவை, சேல், பனையேறிக் கெண்டை என நம் ஏரி மீன்களின் பெயர்கள் பல. வரால், வாளை, ஆரல், கயல் ஆகிய பெயர்கள் சங்கப் பாடல்களிலேயே இடம்பெறுகின்றன. மீன் வகைகளை அடுக்கிச் சொல்வதைப் பள்ளு இலக்கியங்கள் ஒரு மரபாகவே கொண்டிருந்தன. இம்மீன்கள் ஒவ்வொன்றும் ஏரியில் தனக்கென ஓரிடம் வகுத்துக்கொண்டவை. அயிரை மணலை ஒட்டி வாழும். ஆரால் சேற்றில் புதைந்திருக்கும். சிறு கெண்டைகள் கூட்டமாக மேல்நீரில் திரியும். விரால் கரையோரச் செடிகளிடையே முட்டையிட்டுத் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும். பனையேறிக் கெண்டையும் விராலும் காற்றை நேரடியாகச் சுவாசிக்க வல்லவை. ஆதலால் கோடையில் நீர் வற்றினாலும் சில காலம் தாக்குப்பிடிக்கும். ஆண்டில் சில மாதங்கள் வறண்டு கிடக்கும் வானம் பார்த்த ஏரிகளுக்கு ஏற்றவாறு நெடுங்காலத்தில் பழகிய வாழ்க்கை முறை இது.

மீன் என்னும் சொல் விண்மீனையும் குறிக்கும். ஆலங்காயத்தை அடுத்த காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் உள்ளது. அங்கே 1986 முதல் 2.34 மீட்டர் விட்டமுடைய ஆடி பொருத்திய தொலைநோக்கியால் வானத்து மீன்களை ஆராய்ந்து பதிவு செய்துவருகின்றனர். மலையடிவாரத்து ஏரி மீன்களை ஏரி ஏரியாக எண்ணிப் பதிவுசெய்யும் பணியையோ நாம் இன்னும் முறையாகத் தொடங்கவில்லை. எண்ணி வைக்காத செல்வம் குறைவதை எவரும் உடனே உணர்வதில்லை.

அயல் இனம், ஊடுருவும் இனம்

ஓர் உயிரினம் தான் இயற்கையாக வாழும் எல்லையைக் கடந்து, மனிதரால் வேறோர் இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டால் அவ்விடத்தில் அது அயல் இனம் எனப்படும். அயல் இனம் அனைத்தும் தீங்கு செய்பவை அல்ல. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. அவையின்றி இன்று நம் வீட்டுக் குழம்பு இல்லை. வந்த இடத்தில் மனிதர் துணையின்றித் தானே பெருகி, அங்கிருந்த உயிர்களின் உணவையும் உறைவிடத்தையும் பறிக்கும் அயல் இனத்தையே ஊடுருவும் இனம் என்கிறோம். நிலத்தில் சீமைக்கருவேலமும் நீர்ப்பரப்பில் ஆகாயத்தாமரையும் நாம் நாள்தோறும் காணும் சான்றுகள். அவை கண்ணுக்குத் தெரிவதால் அவற்றை அகற்ற வேண்டும் என்ற குரல் எழுகிறது. மீனோ நீருக்கடியில் இருப்பது. வலையில் விழும்வரை அது வந்ததே தெரியாது.

பல்லுயிர் மற்றும் சூழல்சேவைகளுக்கான பன்னாட்டு அரசுகளிடை அறிவியல் அமைப்பு 2023ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. மனிதரால் உலகெங்கும் இடம்மாற்றப்பட்ட உயிரினங்கள் 37,000க்கும் மேற்பட்டவை என்றும், அவற்றுள் 3,500க்கும் மேற்பட்டவை ஊடுருவித் தீங்கு செய்பவை என்றும் அவ்வறிக்கை கூறுகிறது. பத்தில் ஒன்று என்னும் அளவே அது. எந்த ஒன்று என்பதை முன்கூட்டியே அறிய முடியாமையே இதிலுள்ள இடர்.

ஜிலேபி கெண்டையின் பயணம்

இன்று தமிழ்நாட்டில் ஜிலேபி கெண்டை இல்லாத ஏரியைக் காண்பது அரிது. இனிப்பின் பெயரைத் தாங்கி ஊர்ச் சந்தையில் கிடக்கும் இம்மீனை நம்மூர் மீன் என்றே பலர் கருதுகின்றனர். இதன் அறிவியல் பெயர் ஒரியோகுரோமிசு மொசாம்பிகசு. பெயரே இதன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடும். தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆறுகளிலும் கழிமுகங்களிலும் வாழ்ந்த இம்மீன், 1930களின் இறுதியில் சாவகத் தீவில் காணப்பட்டது. அங்கிருந்து ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய உணவுப் பற்றாக்குறைக் காலம் அது. குறைந்த செலவில் விரைந்து பெருகும் புரத உணவு எது என்று உலகமே தேடிக்கொண்டிருந்தது. 1952ஆம் ஆண்டில் இம்மீன் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தமிழகத்துக்கு இலங்கையிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர்கள் தீய நோக்கம் உடையவர்கள் அல்லர். பசித்தவர்க்கு மீன் கிடைக்க வேண்டும் என்று எண்ணியவர்கள். அதனை மறந்துவிட்டு இன்று அவர்களைக் குறைகூறுவது எளிது.

ஆயினும் சில ஆண்டுகளிலேயே சிக்கல் வெளிப்பட்டது. ஜிலேபி கெண்டை பிறந்த சில மாதங்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். ஆண் மீன் ஏரியின் அடித்தரையில் வட்டமாகக் குழி பறித்துக் கூடமைக்கும். பெண் மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்துப் பொரிக்கும். பொரித்த குஞ்சுகளும் ஆபத்து நேர்ந்தால் தாயின் வாய்க்குள் புகுந்துகொள்ளும். நம் கெண்டைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டாலும் அவற்றுள் பெரும்பகுதி பிற மீன்களுக்கு இரையாகும். ஜிலேபியின் முட்டைகளோ தாயின் வாயில் காவலுடன் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் மழைவெள்ளம் வரும்போது மட்டும் முட்டையிடும் மீன்களோடு, ஆண்டில் பலமுறை குஞ்சு பொரிக்கும் மீன் போட்டியிட்டால் வெல்வது எது என்று சொல்லத் தேவையில்லை. குளங்களில் மிகுதியாகப் பெருகி, உணவு போதாமல் வளர்ச்சி குன்றி, உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும் ஜிலேபிக் கூட்டங்களைக் கண்டு மீன்வள அறிஞர்கள் கவலையுற்றனர். இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு 1959ஆம் ஆண்டில் இம்மீனைப் பரப்புவதற்குத் தடை விதித்தது. வந்து ஏழே ஆண்டுகளில் தடை. அதற்குள் மீன் ஏரிகளில் இருந்தது. ஆணை தாளில் இருந்தது.

இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. இலங்கையின் பழம்பெரும் குளங்களில் இம்மீன் உள்நாட்டு மீன்பிடித் தொழிலுக்கே அடிப்படையாக அமைந்தது. அங்கே வறட்சி மண்டலத்து ஊர்களில் பல்லாயிரம் குடும்பங்கள் இதனை உண்டும் விற்றும் வாழ்கின்றன. நம் ஏரிக்கரைகளிலும் கீழ்க்காணும் உரையாடலைக் கேட்கலாம்.

“அண்ணே, விரால் கெடைக்குமா?”

“விரால் எங்கம்மா, வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு வலையில விழுந்தா பெரிசு. வெலையும் அதிகம். ஜிலேபி எடுத்துக்கோ, இப்பதான் புடிச்சது, உசிரோட இருக்குது.”

குறைந்த விலைக்குக் கிடைக்கும் அந்த மீன், கூலி வேலை முடித்து வீடு திரும்பும் ஒரு தாயின் அன்றைய குழம்பு. எனவே ஜிலேபி கெண்டையைப் பகை என்று ஒரே சொல்லில் முடித்துவிட இயலாது. அது சோறிடும் மீன். அதே நேரத்தில் பிற மீன்களின் இடத்தைப் பிடித்த மீன். இரண்டும் உண்மை.

காலப்போக்கில் அரசின் நிலைப்பாடும் மாறியது. நைல் ஆற்றுத் திலாப்பியாவைத் தேர்வுமுறை இனப்பெருக்கத்தால் மேம்படுத்தும் திட்டம் 1988ஆம் ஆண்டில் பிலிப்பைன்சில் தொடங்கப்பட்டது. அதில் உருவான, ‘கிஃப்ட்’ திலாப்பியா எனப்படும் வகையை வளர்க்க 2009ஆம் ஆண்டில் இந்திய அரசு நெறிமுறைகளுடன் இசைவளித்தது. பதிவு செய்த பண்ணைகளில், மீன்கள் வெளியேறாதவாறு வலைத்தடுப்பு அமைத்தே வளர்க்க வேண்டும் என்பது நெறிமுறை.

தெரிந்து தெளிவோம்

நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கும் ஜிலேபி கெண்டை, தன் தாயகமாகிய தென்கிழக்கு ஆப்பிரிக்காவில் அழிவாய்ப்புள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் பட்டியலிடப்பட்டுள்ளது. காரணம், அங்கே வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட நைல் திலாப்பியா அதனோடு கலந்து கலப்பினத்தை உண்டாக்குவதே. இதேபோல நம் நாட்டுக் குளங்களில் வாழும் விரால் இனத்தின் பெரிய வகை ஒன்று, அமெரிக்காவின் புளோரிடா மாநிலக் கால்வாய்களில் ஊடுருவும் அயல்மீனாகக் கருதப்படுகிறது. எந்த மீனும் பிறவியிலேயே தீயதன்று. இடம் மாறும்போது உறவு மாறுகிறது.

தடையை மீறிய கெளுத்தி

ஜிலேபியைப் பற்றி இருவேறு கருத்துகள் இருக்கலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பற்றி இருக்க இயலாது. ஒரு மீட்டருக்கும் மேல் நீளம் வளரக்கூடிய இது, பிற மீன்களையும் தவளைகளையும் நீர்ப்பறவைக் குஞ்சுகளையும்கூட விழுங்கும் கொன்றுண்ணி. காற்றைச் சுவாசிக்கும், ஈரத்தரையில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து மறு குட்டைக்குச் செல்லும். வங்கதேசத்தின் வழியாக இசைவின்றி இந்தியாவுக்குள் நுழைந்த இம்மீனை வளர்க்க 1997ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதித்தது. இராசசுத்தான் மாநிலம் பரத்பூரில் உள்ள புகழ்பெற்ற கேவலாதேவ் பறவைகள் பூங்காவின் நீர்நிலைகளிலும் இது புகுந்து, அதனைப் பிடித்து அகற்றுவது தொடர்பணியாகிவிட்டது.

தடைக்குப் பின்னும் இம்மீன் ஏன் வளர்க்கப்படுகிறது? இறைச்சிக் கடைகளில் எஞ்சும் கோழிக் கழிவையும் மாட்டுக் கழிவையும் கொட்டினால் போதும், சில மாதங்களில் எடை கூடிவிடும். தீவனச் செலவு இல்லை. கழிவு மிகுந்த, நாற்றமடிக்கும் குட்டையிலும் இது சாவதில்லை. நாட்டுக் கெளுத்தி என்று சொல்லி விற்றால் வாங்குவோர்க்கு வேறுபாடும் தெரிவதில்லை. தமிழ்நாட்டின் வடமேற்கு மாவட்டங்களில் இத்தகைய குட்டைகளை மீன்வளத்துறையும் வருவாய்த்துறையும் கண்டறிந்து அழித்த செய்திகள் நாளிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. குட்டையை அழிப்பதற்கு முன் பெய்த மழையில் எத்தனை மீன்கள் கானாற்றில் இறங்கின என்பதை எந்தச் செய்தியும் சொல்வதில்லை.

கண்ணாடித் தொட்டியிலிருந்து வந்தது

வீட்டில் வண்ணமீன் வளர்ப்போர், தொட்டியின் சுவரில் படியும் பாசியை உண்ணட்டும் என்று கருநிற மீன் ஒன்றை வாங்கி விடுவர். கடைக்காரர்கள் இதனை டேங்க் கிளீனர் என்பர். உறிஞ்சும் வாயும் உடல் முழுதும் எலும்புத் தகடுகளும் கொண்ட இது தென் அமெரிக்காவின் அமேசான் படுகைக்கு உரியது. சென்னைக் கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளிலிருந்து தமிழகத்தின் சிற்றூர்கள்வரை இது செல்கிறது. விரல் நீளத்தில் வாங்கிய மீன் ஒரு முழத்துக்கு வளர்ந்து தொட்டியை நிறைத்துவிடும்போது, அதனைக் கொல்ல மனமில்லாதவர்கள் அருகிலுள்ள ஏரியில் விட்டுவிடுகின்றனர். இரக்கத்தால் செய்யும் செயல்தான். அந்த இரக்கத்தின் விலையை ஏரி தருகிறது.

இம்மீனை உண்ணும் மீன் நம் நீர்நிலைகளில் அனேகமாக இல்லை. எலும்புக் கவசம் அதனைக் காக்கிறது. உயிர்வளி குறைந்த நீரிலும் காற்றை விழுங்கிப் பிழைக்கும். நீருக்கு வெளியே எடுத்துப்போட்டாலும் பல மணிநேரம் சாகாது. துடுப்பு முள்கள் வலையில் சிக்கி நூலை அறுக்கின்றன. ஒரு வலையின் விலை மீனவர்க்குப் பல நாள் வருமானம். இனப்பெருக்கக் காலத்தில் இது கரையில் ஆழமாக வளை தோண்டி முட்டையிடும். மண்ணால் எழுப்பிய ஏரிக்கரையில் அத்தகைய வளைகள் பெருகினால் என்னாகும் என்பதை நண்டு வளையையும் எலி வளையையும் அடைத்துப் பழகிய உழவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும் ஆந்திரத்தின் நீர்நிலைகளிலும் இது மீனவர்களுக்குப் பெருந்தொல்லையாகியுள்ளது. காவிரியிலும் இதன் இருப்பு பதிவாகியுள்ளது. ஐதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிவியலாளர்கள் ஒரு புதிய முறையைக் கையாண்டனர். மீனைப் பிடிக்காமலேயே, ஏரி நீரில் கலந்திருக்கும் அதன் மரபுப்பொருள் துகள்களைக் கொண்டு அது அங்கே உள்ளதா என அறியும் முறை அது. கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் அவர்கள் ஆய்ந்த நீர்நிலைகளுள் ஏறத்தாழ 60 விழுக்காட்டில் இம்மீனின் தடயம் இருந்ததாக 2024ஆம் ஆண்டில் செய்தி வெளியானது. சவ்வாது மலையும் ஏலகிரியும் அதே தொடரின் உறுப்புகள் என்பதை நாம் மறக்கலாகாது.

மெக்சிகோ நாட்டின் இன்பியெர்னில்லோ நீர்த்தேக்கத்தில் இம்மீன் பெருகியதால் அங்கிருந்த மீன்பிடித் தொழிலே சரிந்தது. அதனால் அம்மக்கள் இதற்கு இட்ட பெயர் பேய்மீன். வியப்பு என்னவெனில், அங்கே இது விரட்டிய மீனும் அயல் மீனாகிய திலாப்பியாவே. முன்பு வந்த அயலாரைப் பின்பு வந்த அயலார் வெளியேற்றினர்.

கொசு ஒழிப்புக்காக 1928ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து கொண்டுவரப்பட்ட கம்பூசியா என்னும் சிறுமீனையும் இங்கே சுட்ட வேண்டும். கொசுப்புழுவோடு பிற மீன்களின் முட்டையையும் தவளையின் தலைப்பிரட்டையையும் அது உண்கிறது. கொசுப்புழுவை உண்ணும் முண்டக்கண்ணி போன்ற நாட்டுச் சிறுமீன்கள் நம் குளங்களிலேயே இருந்தன. அவற்றை எவரும் எண்ணிப்பார்க்கவில்லை.

உள்நாட்டிலும் அயல் உண்டோ?

இவ்விடத்தில் கூர்மையான மாணவர் ஒருவர் வினா எழுப்பக்கூடும். மீன்வளத்துறையும் குத்தகைதாரர்களும் ஏரிகளில் விடும் கட்லா, ரோகு, மிருகால் ஆகியவை நம் மீன்களா? அவை இந்திய மீன்கள். கங்கை முதலிய வடபுலத்து ஆறுகளுக்கு உரியவை. தமிழக ஆறுகளில் அவை இயல்பாக வாழ்ந்தவை அல்ல. ஏரியின் மீன்பாசியை ஏலம் எடுப்பவர் மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குள் முதலை மீட்க வேண்டியவர். விரைந்து வளரும் கட்லாக் குஞ்சை விடுவதே அவர்க்கு இலாபம். அயிரையையும் ஆராலையும் விலைக்கு வாங்கி ஏரியில் விட்டவரை நான் கண்டதில்லை.

2022ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஊடுருவும் அயல் இனத்துக்கு இலக்கணம் வகுத்தது. அவற்றின் இறக்குமதியையும் பரவலையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நடுவணரசுக்கு அளித்தது. வரவேற்கத்தக்கது. ஆனால் இந்தியாவுக்கு உரியதல்லாத இனமே அயல் இனம் என்று அச்சட்டம் வரையறுக்கிறது. நாட்டின் எல்லையை மனிதர் வரைந்தனர். மீனின் எல்லையை ஆற்றுப்படுகை வரைந்தது. காவிரிக்கே உரிய கூன்முதுகு மாசீர் இதற்குச் சான்று. ஒருகாலத்தில் உலகெங்குமிருந்து தூண்டிற்காரர்களைக் காவிரிக்கு வரவழைத்த பெருமீன் அது. மகாராட்டிரத்துப் பண்ணையில் பொரிக்கப்பட்ட நீலத்துடுப்பு மாசீர்க் குஞ்சுகள், மாசீரைக் காக்கும் நல்ல நோக்கத்துடனேயே காவிரியிலும் விடப்பட்டன. அவை பெருகின, காவிரி மாசீர் அருகியது. அறிவியலாளர்கள் 2018ஆம் ஆண்டில்தான் காவிரி மாசீரின் சரியான அறிவியல் பெயரையே உறுதிசெய்தனர். அதே ஆண்டில் அது மிகவும் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது. பெயர் கிடைத்தபோது மீன் அழிவின் விளிம்பில் நின்றது.

வெள்ளமும் கழிவும்

2018ஆம் ஆண்டு ஆகத்தில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபின் மீனவர் வலைகளில் இதற்குமுன் கண்டிராத மீன்கள் சிக்கின. அமேசானுக்குரிய அரபைமாவும் வட அமெரிக்காவின் முதலைமூக்கு மீனும் அவற்றுள் அடங்கும். இசைவின்றி வளர்த்த பண்ணைகளின் கரைகளை வெள்ளம் உடைத்ததன் விளைவு அது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் நம் பாலாற்றையும் அவ்வாறே எண்ணிப்பாருங்கள். 1903ஆம் ஆண்டில் வாணியம்பாடியைச் சீரழித்த வெள்ளத்தைப் பற்றி இன்றும் இப்பகுதி முதியோர் பேசுவர். 2021ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் இருகரையும் தொட்டு ஆறு ஓடியது. ஏரிகள் தொடர்ச்சியாகக் கோடி போயின. நீர் வந்த மகிழ்ச்சியில் அந்நீரோடு வந்தவை எவை என எவரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

பாலாற்றுப் படுகைக்கு மற்றொரு துயரமும் உண்டு. ஆலங்காயத்துக்கு அண்மையிலுள்ள வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் உலகப் புகழ் பெற்றவை. பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அத்தொழிலால் எரிகிறது. பச்சைத்தோல் கெடாதிருக்க உப்பிட்டு வைப்பர். அதனைக் கழுவும் நீரில் உப்பு மிகும். பதனிடும் நீரில் குரோமியமும் சேரும். தூய்மை செய்யாமல் விடப்பட்ட அந்நீர் பல்லாண்டுகளாக நிலத்தையும் நீரையும் கெடுத்தது. உப்பு மிகுந்த, உயிர்வளி குறைந்த நீரில் அயிரையும் சேலும் வாழ இயலாது. கழிமுகத்து உவர்நீரிலும் வாழப் பழகிய ஜிலேபி கெண்டையால் இயலும். ஆகவே அயல் மீன்தான் நாட்டு மீனை விரட்டியது என்று முழுப்பழியையும் அதன்மேல் சுமத்துவது முறையன்று. பல இடங்களில் நாம் வீட்டைக் கெடுத்து வெறுமையாக்கினோம். வெறுமையான வீட்டில் அது குடியேறியது.

இத்தோல் கழிவு வழக்கில்தான் இந்திய உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்ப்பொன்றை வழங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அவ்வழக்கின் தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்துபவரே ஈடுசெய்தல் என்னும் கோட்பாடும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்தது. தீங்கு நேரும் என்பதற்கு முழுமையான அறிவியல் சான்று கிட்டும்வரை காத்திராமல் அதனைத் தடுக்க வேண்டும். தீங்கில்லை என மெய்ப்பிக்கும் பொறுப்பு செயலைச் செய்பவருக்கே உரியது என்பது முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டின் சாரம். நாடெங்கும் சுற்றுச்சூழல் வழக்குகளில் எடுத்தாளப்படும் இக்கோட்பாடு நம் பாலாற்றங்கரையின் துயரத்திலிருந்து பிறந்தது. தோல் கழிவுக்குப் பொருந்தும் அவ்விதி, புதிய மீனொன்றை ஏரியில் விடுவதற்கும் பொருந்தும் என்பது என் கருத்து. மாசு நீரையாவது நிறுத்தினால் காலப்போக்கில் ஆறு தன்னைத் தூய்மை செய்துகொள்ளும். விட்ட மீனோ நிறுத்தினாலும் பெருகும்.

தோலாக்கினால் தீருமா?

தோல் தொழில் சார்ந்த ஊர் மாணவர்களுக்கு இயல்பாகத் தோன்றும் எண்ணம் ஒன்றுண்டு. மீன்தோலையும் பதனிடலாம், பணப்பையும் காலணியும் செய்யலாம். அவ்வாறாயின் வேண்டாத மீன்களைப் பிடித்துத் தொழிலாக்கினால் என்ன? இது கற்பனையன்று. கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் விடப்பட்ட நைல் கொடுவா, அங்கு மட்டுமே வாழ்ந்த நூற்றுக்கணக்கான சிறுமீன் இனங்களுள் பெரும்பகுதியை அழித்தது. இன்று அதன் தசை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகிறது, தோல் பதனிடப்படுகிறது. தொழில் பெருகியது, வேலை கிடைத்தது. ஆனால் அம்மீன் ஏரியிலிருந்து அகல வேண்டும் என்று விரும்புவோர் குறைந்துவிட்டனர். ஒரு மீனால் வருவாய் வரத் தொடங்கினால் அது தீராதிருக்கவே மனிதர் விரும்புவர். எனவே பிடித்துப் பயன்படுத்துவதை வரவேற்கும்போதே, அதற்காக வளர்ப்பதைத் தடுக்கும் விதியும் உடனிருக்க வேண்டும்.

நம் ஏரிகளுக்கு இயற்கை அளித்த வாய்ப்பு ஒன்று உள்ளது. விக்டோரியா ஏரி வற்றுவதில்லை. நம் ஏரிகளுள் பல கோடையில் வற்றுகின்றன. நீர் குட்டையாகச் சுருங்கும் வேளையில் ஊரார் கூடி மீன்பிடிக்கும் வழக்கம் இன்றும் சில ஊர்களில் உண்டு. அந்நாளில் அயல் மீன்களை முழுமையாகப் பிடித்துவிட்டு, விரால், கெளுத்தி, ஆரால் முதலியவற்றில் சிலவற்றை மடுக்களில் விட்டுவைத்தால் அடுத்த மழையில் அவை பெருக இடம் கிடைக்கும். கரை வளைகளை அப்போதே தோண்டி அடைக்க வேண்டும். மேல் ஏரியில் செய்யாமல் கீழ் ஏரியில் மட்டும் செய்தால் பயனில்லை. கோடி நீர் மீண்டும் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே தொடரின் தலை ஏரியிலிருந்து தொடங்குவதே முறை.

2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கப்பட வேண்டும். அவ்வூரின் உயிர்வளத்தை மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். பேரூராட்சிகளும் இதற்கு உட்பட்டவை. பதிவேட்டில் மூலிகைகளுக்கும் மரங்களுக்கும் பல பக்கங்கள் கிடைக்கின்றன. ஏரி மீன்களுக்கு ஒரு பக்கமேனும் கிடைப்பது உள்ளூர் மக்கள் சொல்லும் செய்தியைப் பொறுத்தது. அச்செய்தியை அறிந்தவர்கள் வலை வீசுபவர்கள், பறி வைப்பவர்கள், மீன் விற்கும் பெண்கள். அவர்களுள் பலர்க்கு எழுத நேரமில்லை. எழுதத் தெரிந்த உங்களுக்கு மீன்களைத் தெரியவில்லை. இருவரும் ஏரிக்கரையில் ஒருமுறை சந்திக்க வேண்டியுள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் எழுபது வயது கடந்த மூவரைச் சந்தித்து, அவர்தம் இளமையில் ஏரியில் கிடைத்த மீன்களின் பெயர்களை அவர்கள் ஒலிக்கும் வகையிலேயே எழுதுக. ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது கிடைத்தது என்பதையும் கேட்டுக் குறிக்க.

2. ‘ஜிலேபி கெண்டை நம் ஏரியில் இருக்கட்டும்’, ‘அகற்றப்பட வேண்டும்’ ஆகிய இரு தலைப்புகளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக. மீன்பாசி குத்தகைதாரர், கூலித் தொழிலாளி, உழவர் ஆகியோர் நிலையிலிருந்தும் பேசுக.

3. கானாறு, கோடி, மதகு, மடு, பறி, மீன்பாசி ஆகிய சொற்களுக்கு உங்கள் வட்டாரத்தில் வழங்கும் வேறு சொற்களைத் திரட்டுக.

4. உங்கள் ஊரின் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏரி மீன்கள் இடம்பெற்றுள்ளனவா என வினவி, பேரூராட்சிச் செயல் அலுவலர் அல்லது ஊராட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதுக. நீங்கள் திரட்டிய மீன் பெயர்ப் பட்டியலை அக்கடிதத்துடன் இணைக்க.